கூடாத எலும்பும் ஸ்டெம் செல் ஊசியும்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் கணவருக்கு வயது 41. பத்து மாதங்களுக்கு முன் பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அன்றே ஆபரேஷன் செய்து உள்ளே ராட் வைத்தார்கள். இன்றுவரை கால் ஊன்றினால் வலிக்கிறது. போன மாத எக்ஸ்ரேயில், முறிந்த இடத்தில் புது எலும்பு எதுவும் தெரியவில்லை, முனைகள் மெலிந்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறது. காயத் தழும்பின் ஓரம் எப்போதாவது லேசாகக் கசியும், மாத்திரை சாப்பிட்டால் நின்றுவிடும். திரும்பவும் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் எங்கள் மருத்துவர். வேறொரு சிகிச்சை மையத்திலோ, ஸ்டெம் செல்லும் வளர்ச்சிக் காரணியும் சேர்ந்த ஊசி போட்டால் கத்தி வைக்காமலே எலும்பு வளர்ந்துவிடும் என்கிறார்கள். காலில் ஒரு ஊசி, டிரிப்ஸ் வழியாக இரண்டு. எங்கள் மகள் பிறந்தபோது சேமித்து வைத்த தொப்புள்கொடி ரத்தத்தையும் பயன்படுத்தலாமாம். இதனால் புற்றுநோய் வரும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறது மையம். அவர் தினமும் இரண்டு மூன்று சிகரெட் பிடிப்பார், வேறு நோய் எதுவும் இல்லை. இந்தச் சிகிச்சை உண்மைதானா? நாங்கள் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டிருப்பதெல்லாம் ஸ்டெம் செல்லைப் பற்றி. என் கண் நின்றது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில். தழும்பின் ஓரம் கசிகிறது, மாத்திரை சாப்பிட்டால் நின்றுவிடுகிறது என்கிறீர்களே, அந்த வரி. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கசிவு எதனால் என்று தெரியும்வரை எந்த ஊசியும் வேண்டாம். மாத முடிவு என்ற கெடுவை மறந்துவிடுங்கள். அவசரம் காட்ட வேண்டியது கசிவைப் பரிசோதிப்பதில்தான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, எலும்பு எப்படிக் கூடுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோல் வெட்டுப்பட்டால் தழும்பு விழும். எலும்பு மட்டும் தழும்பில்லாமல், பழைய எலும்பாகவே ஆறக்கூடியது. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். அந்த ரத்தக்கட்டு வெறும் கசிவு இல்லை, அதற்குள் இருக்கும் தட்டணுக்கள் வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடுகின்றன. வளர்ச்சிக் காரணி என்றால் செல்களுக்குப் போகும் தகவல். 'இங்கே வா, பெருகு, எலும்பாக மாறு' என்று சொல்லும் புரதங்கள் அவை. எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்தும் மஜ்ஜையிலிருந்தும் ஸ்டெம் செல்கள், அதாவது எலும்பாக மாறக்கூடிய மூலச்செல்கள், வந்து சேரும். சில வாரங்களில் குருத்தெலும்பு போல மெத்தென்ற ஒரு கட்டு உருவாகும். பிறகு அதில் சுண்ணாம்புச்சத்து ஏறிக் கெட்டியாகும். அப்புறம் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், உடல் அதைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும்.

அதாவது அந்த மையத்தில் ஊசியில் தருவதாகச் சொல்லும் இரண்டுமே உங்கள் கணவரின் உடலில் ஏற்கெனவே இருக்கின்றன. கேட்க வேண்டிய முதல் கேள்வி, இருந்தும் ஏன் வேலை நடக்கவில்லை என்பதுதான்.

ஒன்பது மாதம் கடந்தும் கூடாமல், கடைசி மூன்று மாத எக்ஸ்ரேக்களில் முன்னேற்றமே இல்லாமல் இருந்தால் அதைக் 'கூடாத முறிவு' என்று வகைப்படுத்துவது வழக்கம். அதில் இரண்டு ஜாதி உண்டு. முதல் வகையில் முறிந்த முனைகளைச் சுற்றிப் புது எலும்பு யானைக்கால் போலத் தடித்திருக்கும், நடுவில் ஒரு கோடு மட்டும் கூடாமல் நிற்கும். அங்கே உயிருக்குக் குறைவில்லை, முனைகள் ஆடுவதுதான் குறை. மாமரத்தில் ஒட்டுக் கட்டுபவர்கள் கட்டை எவ்வளவு இறுக்கமாகப் போடுவார்கள் என்று பார்த்திருப்பீர்கள். ஒட்டு ஆடினால் பிடிக்காது. எலும்புக்கும் அதே கணக்கு. இரண்டு முனைகளுக்கு நடுவில் இருக்கும் திசு, தன் நீளத்தில் 2 சதவீதத்துக்கு மேல் இழுபட்டுக்கொண்டே இருந்தால் அங்கே கெட்டி எலும்பு உருவாகாது. அப்படிப்பட்டவருக்கு ராடை மாற்றி இறுக்கினாலே போதும், ஸ்டெம் செல் என்ற பேச்சே வேண்டாம்.

இரண்டாம் வகை, முனைகள் மெலிந்து, புது எலும்பே இல்லாமல் கிடப்பது. உங்கள் கணவருடைய எக்ஸ்ரே அறிக்கை இதைத்தான் சொல்கிறது. இங்கே உயிரியல் வேலையே நடக்கவில்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த விபத்தில் எலும்பின் உறை கிழிந்திருக்கும், ரத்தக் குழாய்கள் அறுந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பின் முன்பக்கத்தை மூடியிருப்பது தோல் மட்டும்தான், தசை கிடையாது. அங்கே ரத்த ஓட்டம் இயல்பிலேயே குறைவு. திறந்த காயத்தின் வழியாக மண்ணும் கிருமியும் உள்ளே போக வாய்ப்பு அதிகம்.

இப்போது அந்தக் கசிவுக்கு வருகிறேன். உலோகத்தின் மேல் கிருமிகள் ஒட்டிக்கொண்டால், தங்களைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். படலத்துக்குள் இருப்பவற்றை மாத்திரையால் ஒழிக்க முடியாது. வெளியே தப்பி வருபவை சாகும், கசிவு நிற்கும், ஆறிவிட்டது என்று நிம்மதி வரும். சில வாரம் கழித்துத் திரும்பக் கசியும். நீங்கள் எழுதியிருப்பது அச்சாக இந்தக் கதைதான். காய்ச்சல் இருக்காது, பெரிய வீக்கம் இருக்காது. ரத்தப் பரிசோதனையில், உடலில் அழற்சி இருந்தால் ஏறும் சி.ஆர்.பி. அளவுகூடச் சரியாக இருக்கலாம். அதனால் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முறிவுக்குப் பிந்தைய கிருமித்தொற்றை வரையறுக்க 2018இல் வல்லுநர்கள் கூடி ஒரு பொது அளவுகோல் வெளியிட்டார்கள். எலும்புவரை அல்லது உலோகம்வரை போகும் கசிவுத் துளை ஒன்று இருந்தாலே தொற்று உறுதி என்று அதில் இருக்கிறது. உங்கள் கணவரின் கசிவு அவ்வளவு ஆழம் போகிறதா, தோலோடு நிற்கிறதா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் பார்க்காமல் விடக்கூடாது.

தொழிலில் என் ஆரம்ப காலத்தில் ஒருவருக்கு இதே நிலைமையில் மஜ்ஜைச் செறிவு, அதாவது அவருடைய சொந்த மஜ்ஜையை உறிஞ்சிச் செறிவாக்கியது, செலுத்தினேன். புது முறை கையில் கிடைத்த உற்சாகம் எனக்கு. அவருக்குக் கசிவு நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது, அதையே போதுமான ஆறுதலாக எடுத்துக்கொண்டேன். ஆறு வாரத்தில் கால் சிவந்து சீழ் கட்டியது. அவர் வேலைக்குத் திரும்ப இன்னும் ஓர் ஆண்டு ஆயிற்று. அந்த ஓர் ஆண்டை நான் மறக்கவில்லை. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இந்தச் சிகிச்சை உண்மைதானா என்று கேட்டீர்கள். அறிவியல் உண்மை. அதைச் சுற்றி விற்கப்படுவதில் பாதிதான் அப்படி.

வளர்ச்சிக் காரணியின் கதை 1965இல் தொடங்குகிறது. மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர், அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச்சத்தை நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். தசைக்குள்ளே, எலும்புக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், புது எலும்பு வளர்ந்தது. எலும்பில் ஏதோ ஒரு புரதம் ஒளிந்திருக்கிறது, அது போகும் இடமெல்லாம் எலும்பை உண்டாக்கச் சொல்கிறது என்று புரிந்துகொண்டார். அதைத்தான் இன்று பி.எம்.பி. என்கிறோம். 1988இல் அதன் மரபணு கண்டுபிடிக்கப்பட்டதும் ஆய்வகத்தில் தயாரிக்க வழி பிறந்தது. 2002இல் முதுகெலும்பு இணைப்பு அறுவைக்கும், 2004இல் உங்கள் கணவருக்கு ஏற்பட்டது போன்ற, தோல் கிழிந்த கால் எலும்பு முறிவுக்கும், 2007இல் பல் வைக்கும் முன் தாடை எலும்பை உயர்த்துவதற்கும் பி.எம்.பி.-2 என்ற வகைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி அளித்தது.

2004 அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 450 பேர் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 46 சதவீதம் பேருக்குப் பிறகு இன்னொரு சிகிச்சை தேவைப்பட்டது. அதிக அளவு பி.எம்.பி. வைக்கப்பட்டவர்களில் அது 26 சதவீதம்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்த 450 பேரும் புதிதாக முறிவு ஏற்பட்டவர்கள். காயத்தை மூடும் ஆபரேஷனின்போதே, புரதத்தில் நனைத்த கொலாஜன் பஞ்சை முறிவின் மேல் வைத்துத் தைத்தார்கள். பத்து மாதம் கழித்து ஊசியில் ஏற்றவில்லை. இரண்டாவது, 2011இல் இன்னொரு ஆய்வு வந்தது. எலும்பின் உட்குழாயைக் குடைந்து தடிமனான ராட் வைத்த 277 பேரில் பி.எம்.பி. வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். 20 வாரத்தில் கூடியவர்கள் 68 சதவீதமும் 67 சதவீதமும். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். கிருமித்தொற்று மட்டும் பி.எம்.பி. பக்கம் 19 சதவீதம், மறுபக்கம் 11. இது தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்று சொல்லும் அளவுக்குத்தான் கணக்கு நின்றது. இருந்தாலும் கசிகிற காலின் அருகில் இந்தப் புரதத்தைக் கொண்டுபோக எனக்கு மனம் வராது. தொற்று இருக்கும் இடத்தில் வைக்கக்கூடாது என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது.

பஞ்சு எதற்கு என்று யோசித்தீர்களா? இந்தப் புரதத்தை அப்படியே ஊசியில் செலுத்தினால் உடல் அதைச் சீக்கிரமே அடித்துக்கொண்டு போய்விடும், செல்கள் வந்து சேரும்வரை அது தங்காது. எதிலாவது பிடித்து வைத்து, மெல்ல மெல்லக் கசியவிட வேண்டும். அதற்காகத்தான் பஞ்சு. பஞ்சாலும் முழுதாகப் பிடித்து வைக்க முடிவதில்லை என்பதால் அளவை ஏற்றினார்கள். ஒரு கிலோ எலும்பில் இயற்கையாக மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும் புரதத்தை, ஒரே இடத்தில் மில்லிகிராம் கணக்கில் வைக்கிறார்கள். ஆயிரம் மடங்கு ஏறிய அழைப்பு அது. பக்கவிளைவுகளின் வேர் இங்கேதான். கழுத்து எலும்பில் இதைப் பயன்படுத்திய சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சுத் திணறல் வந்ததால், 2008இல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விடுத்தது. வேண்டாத இடத்தில் எலும்பு வளர்ந்ததும் உண்டு.

இந்தப் புரதத்தின் சக்திக்கு இன்னொரு சாட்சி, மிக அரிதான ஒரு பிறவி நோய். பி.எம்.பி. தரும் தகவலைச் செல்லில் பெற்றுக்கொள்ளும் வாங்கி ஒன்றின் மரபணுவில் ஓர் எழுத்து மாறிப்போனதால், அடிபட்ட தசையெல்லாம் எலும்பாக மாறிக்கொண்டே வரும். அந்த மரபணுப் பிழை 2006இல் கண்டுபிடிக்கப்பட்டது. உடல் ஏன் இந்தத் தகவலை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்பது அந்த நோயாளிகளைப் பார்த்தால் புரியும்.

பி.ஆர்.பி. என்ற பெயரையும் அந்த மையத்தில் கேட்டிருக்கலாம். சொந்த ரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்துச் செலுத்துவது. அதிலும் வளர்ச்சிக் காரணிகள் உண்டு, ஆனால் கூடாத எலும்பை அது தனியாகக் கூட்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

ஸ்டெம் செல் பக்கம் வருவோம். மஜ்ஜையில் எலும்பாக மாறக்கூடிய செல்கள் இருக்கின்றன என்று முதலில் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி அலெக்சாந்தர் ஃப்ரீடென்ஸ்டைன். 1991இல் ஆர்னால்ட் கேப்லன் அவற்றுக்கு மெசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரை மாற்றுங்கள் என்று 2017இல் கேட்டவரும் அதே கேப்லன்தான். உடலுக்குள் செலுத்தப்பட்ட இந்தச் செல்கள் பெரும்பாலும் தாமே புதுத் திசுவாக மாறுவதில்லை, அக்கம்பக்கத்துச் செல்களுக்குத் தகவல் கொடுத்து வேலை வாங்குகின்றன என்று பின்னாளில் தெரியவந்தது. கொத்தனார் என்று நினைத்து அழைத்து வந்தவர் மேஸ்திரியாக இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரியும் வேண்டியவர்தான். ஆனால் கல்லும் மணலும் சாரமும் இல்லாத மனையில் அவர் மட்டும் நின்று சுவர் எழும்பாது.

கூடாத கால் எலும்புக்கு மஜ்ஜை ஊசி போட்ட ஆய்வுகளில் நான் மிகவும் மதிப்பது, பிரான்சில் ஃபிலிப் எர்னிகூ செய்து 2005இல் வெளியிட்டது. 60 நோயாளிகள், எல்லோருக்கும் மெலிந்த முனைகளோடு கூடாத கால் எலும்பு. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, இயந்திரத்தில் செறிவாக்கி, 20 மில்லி அளவில் முறிந்த இடத்தில் செலுத்தினார்கள். 53 பேருக்குக் கூடியது. அந்த மையத்தினர் இதைச் சொல்லித்தான் உங்களை நம்பவைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் சொல்லாமல் விட்டிருக்கக்கூடியதை நான் சொல்கிறேன்.

அந்த 60 பேரில் ஒருவருக்கும் கிருமித்தொற்று இல்லை. தொற்று இருப்பவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. அப்புறம், அவர்கள் ஒவ்வொருவருக்கும் எத்தனை செல் போகிறது என்று எண்ணினார்கள். ஒரு மில்லி மஜ்ஜையில் சராசரியாக 612 மூலச்செல்கள் இருந்தன, செறிவாக்கிய பிறகு 2,579. கூடாத அந்த 7 பேருக்குப் போனதை எண்ணிப் பார்த்தால் மில்லிக்குச் சராசரி 634தான். எண்ணிக்கை குறைந்த இடத்தில் எலும்பு கூடவில்லை. எண்ணாமல் செலுத்துவது, கணக்குப் பார்க்காமல் விதைப்பது போன்றது. ஒரே இடத்திலிருந்து அதிகமாக உறிஞ்சினால் மஜ்ஜையோடு சாதா ரத்தம் கலந்து நீர்த்துப்போகும், அதனால் ஓரிடத்தில் 2 மில்லிக்கு மேல் எடுக்காமல் ஊசியை நகர்த்தி நகர்த்தி எடுக்க வேண்டும் என்பது 1997இலேயே சொல்லப்பட்டது. ஊசி போடுபவரின் பொறுமையில்கூடப் பலன் மாறும்.

டிரிப்ஸ் வழியாகச் செலுத்துவது பற்றி ஒரே வரி. ரத்தத்தில் ஏற்றப்படும் இந்தச் செல்களில் பெரும்பகுதி முதல் சுற்றிலேயே நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். காலுக்குப் போவது மிகச் சொற்பம். கூடாத எலும்புக்கு இப்படி ஏற்றுவதாக ஒருவர் சொன்னால், அவரிடம் எலும்பைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மகளின் தொப்புள்கொடி ரத்தத்தை அப்படியே வைத்திருங்கள். அதில் அதிகம் இருப்பவை ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள். ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கு அதன் பயன் நிரூபிக்கப்பட்டது. அப்பாவின் கால் எலும்புக்கு அது உதவும் என்று சொல்ல அடிப்படை இல்லை. தவிர, மகளின் திசு அடையாளத்தில் பாதிதான் அப்பாவிடமிருந்து வந்தது, மறுபாதி உங்களுடையது.

புற்றுநோய் பயம். இதில் உங்கள் உறவினர் முழுத் தவறும் இல்லை, முழுச் சரியும் இல்லை. பி.எம்.பி. புரதம் செல்களைப் பெருகச் சொல்வது என்பதால், புற்றுநோய் இருப்பவருக்கு அதைத் தருவதில்லை. 2013இல் இரண்டு சுயேச்சையான குழுக்கள் முதுகெலும்பு ஆய்வுகளின் மூலத் தரவுகளை மறுபடி அலசின. சொந்த எலும்பு வைப்பதைவிட பி.எம்.பி. பெரிதாக மேலில்லை, புற்றுநோய் வாய்ப்பு சிறிதளவு கூடலாம் என்று தெரிந்தது. சொந்த மஜ்ஜையின் நிலைமை வேறு. மஜ்ஜைச் செறிவு பெற்ற 1,873 நோயாளிகளைச் சராசரியாகப் பன்னிரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2013இல் எர்னிகூ குழு வெளியிட்டது. புற்றுநோய் கூடவில்லை. ஆகவே சொந்த மஜ்ஜை என்றால் அந்தப் பயம் வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத, பிறருடைய செல்களுக்கு இந்த நிம்மதியை நான் நீட்டிக்க மாட்டேன்.

ஆய்வகத்தில் செல்களை வளர்த்துப் பெருக்கி, அவற்றைத் தாங்கி நிற்கும் பீங்கான் போன்ற சாரத்தில் ஏற்றி வைக்கும் முறையும் உண்டு. 2001இல் மூன்று பேருக்குப் பெரிய எலும்பு இழப்பை அப்படி நிரப்பிய செய்தி வந்தபோது, இனி எல்லாம் மாறிவிடும் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். இவ்வளவு காலம் கழித்தும் அது அன்றாட சிகிச்சையாகவில்லை. ஒரு செல் உயிரோடிருக்க, மயிரிழை தூரத்தில், அதாவது 100 முதல் 200 மைக்ரான் தூரத்துக்குள் ரத்த நுண்குழாய் ஒன்று வேண்டும். பெரிய சாரத்தின் நடுவில் இருக்கும் செல்களுக்குக் குழாய் வந்து சேருவதற்குள் அவை செத்துவிடுகின்றன. ரத்தக் குழாயைச் சீக்கிரம் வரவழைப்பது எப்படி என்பதுதான் இந்தத் துறையில் இன்றும் பெரிய வேலை. அது கைகூடும் என்று நம்புகிறவன் நான். உங்கள் கணவரின் கால் அதுவரை காத்திருக்க முடியாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் மருத்துவர் திரும்பவும் ஆபரேஷன் என்று சொன்னது தவறில்லை. அவரிடம் கசிவைத் தேதியோடு சொல்லியிருக்கிறீர்களா என்பது எனக்குத் தெரியாது. சொல்லுங்கள். தோலின் மேல் பஞ்சால் ஒற்றி எடுக்கும் பரிசோதனையை நம்ப முடியாது. ஆபரேஷனில் ஆழத்திலிருந்து, எலும்பை ஒட்டி, குறைந்தது ஐந்து இடங்களில் திசு எடுத்துக் கிருமி வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஆன்டிபயாடிக் மாத்திரை நிறுத்தியிருந்தால்தான் கிருமி சிக்கும். இதை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தொற்று இருந்தால் வழி இருக்கிறது, கைவிட வேண்டாம். 1980களில் பிரான்சின் மாஸ்கெலே கண்டுபிடித்த ஒரு முறையை நாங்கள் அடிக்கடி பயன்படுத்துகிறோம். பழைய ராடை எடுத்து, செத்த எலும்பை வெட்டிச் சுத்தம் செய்து, அந்த இடைவெளியில் ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமெண்டை வைப்போம். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் சிமெண்டைச் சுற்றி உடல் ஒரு சவ்வை உண்டாக்கும். அந்தச் சவ்வில் ரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கும், அது பி.எம்.பி.யையும் வேறு வளர்ச்சிக் காரணிகளையும் தானே சுரக்கும். அப்போது சிமெண்டை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த சொந்த எலும்புத் துருவலை உள்ளே நிரப்பி மூடுவோம். யோசித்துப் பாருங்கள். துருவலில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன, துருவலே சாரமாகவும் நிற்கிறது, சவ்வு வளர்ச்சிக் காரணி தருகிறது, புது ராடோ பிளேட்டோ ஆடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த மையத்தில் ஊசிக்குள் அடைத்துத் தருவதாகச் சொன்னதெல்லாம் இங்கே அதனதன் இடத்தில், சரியான வரிசையில் நடக்கிறது. எலும்பு எடுத்த இடுப்பில் சில வாரம், சிலருக்குச் சில மாதம் வலி இருக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இழந்த எலும்பு நீளமாக இருந்தால், காலைச் சுற்றி வெளியே பொருத்தும் இலிசரோவ் வளையம் நல்லது. எலும்பை வேறிடத்தில் வெட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்த்த நகர்த்த, பின்னால் புது எலும்பு தானாக உருவாகிக்கொண்டே வரும்.

தொற்று இல்லை என்று உறுதியாகி, முனைகள் நெருங்கி, ராட் ஆடாமல் பிடித்திருந்தால்? அப்போது செறிவாக்கிய மஜ்ஜை ஊசியைப் பற்றி நிச்சயம் பேசலாம். ஆபரேஷனோடு சேர்த்தும் அதைத் தரலாம். அந்த நிலையில் இவற்றைக் கேளுங்கள்: செல் யாருடையது, உடலில் எங்கிருந்து எடுப்பது? செலுத்தும் முன் எண்ணுவார்களா, எண்ணிக்கையை எழுதித் தருவார்களா? எக்ஸ்ரே திரையைப் பார்த்து முறிந்த இடத்துக்குள்ளேயே செலுத்துவார்களா? இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே? நேர்மையாகச் செய்பவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள்.

சிகரெட்டை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு மூன்றுதானே என்று விட முடியாது. நிக்கோடின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, புகையின் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால், நாம் ஆபரேஷனில் கஷ்டப்பட்டு உண்டாக்கும் குழாய்களுக்கே பாதகம். நாள்தோறும் வலி மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் எது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், சில வகைகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். வேறு நோய் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் சர்க்கரை, தைராய்டு, கால்சியம், வைட்டமின் டி நான்கையும் பார்த்துவிடுங்கள். வெளிப்படையான காரணம் இல்லாமல் எலும்பு கூடாதவர்கள் உள்ளிட்ட 37 பேரை ஹார்மோன் நிபுணரிடம் அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வில், 31 பேருக்கு அதுவரை தெரியாத ஏதோ ஒரு குறைபாடு இருந்தது. அதில் அதிகம் வைட்டமின் டி பற்றாக்குறைதான்.

மருத்துவரிடம் போகும்போது முதல் நாள் எக்ஸ்ரேயிலிருந்து கடைசி எக்ஸ்ரேவரை தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். ஆபரேஷன் குறிப்பின் நகல், இதுவரை சாப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளின் பெயர்கள், எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதும் வேண்டும். இனிமேல் கசிந்தால் மாத்திரையை எடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல், கால் சிவந்து சூடாவது, திடீரென வலி ஏறுவது இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். திசு பரிசோதனை முடிவு கையில் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். மஜ்ஜை ஊசி உங்கள் கணவருக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு அப்போது என்னால் நேராகப் பதில் சொல்ல முடியும்.